அட்வான்ஸ் கட்டியாயிற்று

ஆஸ்திரேலியாவின் பாதுகாப்புக் கொள்கை என்னவென்று தெரிந்துகொள்ள யாரும் தடிதடியான அறிக்கைகளைப் புரட்ட வேண்டாம். 2025 பிப்ரவரி மாத நாட்காட்டி ஒன்று போதும்.

மாதத் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சர் ரிச்சர்ட் மார்ல்ஸ் வாஷிங்டன் போய் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத்தின் கையைக் குலுக்கினார். அதையொட்டி ஆஸ்திரேலியக் கருவூலத்திலிருந்து 50 கோடி அமெரிக்க டாலர் அங்கே போய்ச் சேர்ந்தது. அது கடன் இல்லை; கப்பலின் விலையும் இல்லை. அமெரிக்கா தன் கப்பல் கட்டும் தளங்களைச் சீர்செய்துகொள்வதற்காக ஆஸ்திரேலியா தரவிருக்கும் 300 கோடி டாலர் அன்பளிப்பின் முதல் தவணை.

21ஆம் தேதி, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவிலுள்ள டாஸ்மன் கடலில் சீனப் போர்க்கப்பல்கள் நிஜக் குண்டுகளை வைத்துச் சுடும் பயிற்சியை அறிவித்தன. கப்பல்கள் அங்கே இருப்பது தெரியும். சுடப்போகிறார்கள் என்பது தெரியாது. அதை ஆஸ்திரேலியாவுக்கு முதலில் சொன்னவர் வர்ஜின் ஆஸ்திரேலியா பயணிகள் விமானத்தின் விமானி. சீனக் கப்பல் வானொலியில் விடுத்த எச்சரிக்கை அவர் காதில் விழுந்தது. அவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்ல, அவர்கள் ராணுவத்துக்குச் சொன்னார்கள். 49 விமானங்கள் பாதையை மாற்றிக்கொண்டு போயின. ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் விழுங்கும் பாதுகாப்புத் துறைக்கு டிக்கெட் விற்றுப் பிழைக்கிற ஒரு தனியார் விமான நிறுவனம் இலவசமாக உளவு பார்த்துக் கொடுத்தது.

27ஆம் தேதி வெள்ளை மாளிகையில் பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு நிருபர் டிரம்ப்பிடம் ஆக்கஸ் பற்றிப் பேசுவீர்களா என்று கேட்டார். அப்படியென்றால் என்ன என்று திருப்பிக் கேட்டார் டிரம்ப். முதல் தவணை வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எதற்காக வந்தது என்று வாங்கிப் போட்டுக்கொண்டவருக்கே தெரியவில்லை.

ஆக்கஸின் கதை இதுதான். 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் கூட்டாக ஒரு திட்டத்தை அறிவித்தன. ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகள் கிடைக்கும். அதற்கு முன் 2016இல் பிரான்ஸிடம் 12 நீர்மூழ்கிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். 5,000 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய அந்த மதிப்பு 9,000 கோடிவரை வீங்கியிருந்தது. அதைப் பிரதமர் ஸ்காட் மாரிசன் ஒரே நாளில் கிழித்துப் போட்டார். பிரான்ஸ் கான்பெராவிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. மாரிசன் உங்களிடம் பொய் சொன்னதாக நினைக்கிறீர்களா என்று கேட்ட நிருபருக்கு, நினைக்கவில்லை, எனக்கே தெரியும் என்றார் பிரெஞ்சு அதிபர் மக்ரோன். கட்டாத கப்பல்களுக்காக ஆஸ்திரேலியா செலவழித்தது மொத்தம் சுமார் 340 கோடி டாலர். அந்தப் பணத்தில் ஒரு துடுப்புப் படகுகூட வரவில்லை.

ஆக்கஸ் அறிவிப்பு நடந்த மேடையில் காணொளி வழியே மாரிசன் ஒரு பக்கம், பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் இன்னொரு பக்கம். நடுவில் நின்ற அதிபர் பைடனுக்கு ஆஸ்திரேலியப் பிரதமரின் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. 'அந்தக் கீழ்ப்பக்கத்து ஆளுக்கு' நன்றி என்று சொல்லிச் சமாளித்தார். அந்த ஆள் கையெழுத்துப் போட்டிருந்தது அவர் நாட்டின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய ராணுவச் செலவுக்கு.

எவ்வளவு என்பது 2023 மார்ச்சில் சான் டியேகோவில் தெரிந்தது. மாரிசனைத் தோற்கடித்து வந்த தொழிற்கட்சிப் பிரதமர் ஆல்பனீசி, பைடன், பிரிட்டிஷ் பிரதமர் சுனக் மூவரும் நீர்மூழ்கி ஒன்றைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். 2050களின் நடுப்பகுதிவரை ஆகும் செலவு 26,800 கோடியிலிருந்து 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை. தலைக்கு 13,000 டாலருக்கு மேல், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை உட்பட. அதே கட்சியின் முன்னாள் பிரதமர் பால் கீட்டிங், மேடையில் மூன்று பேர் நின்றார்கள், பணம் கட்டுகிறவர் ஒருவர்தான் என்று பொங்கினார். அவருக்கு வயதாகிவிட்டது என்று கட்சிக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். கணக்கு பார்ப்பது அந்த ஊரில் முதுமையின் அறிகுறி போலிருக்கிறது.

வாங்குகிற சரக்கைப் பார்ப்போம். 2030களின் தொடக்கத்தில் அமெரிக்கா தன்னுடைய வர்ஜினியா ரக நீர்மூழ்கிகளில் மூன்றை விற்கும். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு. இதற்கு அமெரிக்கத் தளங்கள் ஆண்டுக்கு 2.33 நீர்மூழ்கிகள் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டிருப்பது சுமார் 1.2. தனக்கே போதாத பொருளை அமெரிக்கா பிறருக்கு விற்குமா? அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு ஒளிவுமறைவில்லாமல் சட்டம் போட்டிருக்கிறது: விற்பதற்கு 270 நாள் முன்பாக, இந்த விற்பனையால் எங்கள் கடலடிப் பலம் குறையாது என்று அப்போதைய அதிபர் சான்றளிக்க வேண்டும். இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அதிபர், அன்று காலை என்ன மனநிலையில் எழுந்திருக்கிறாரோ, அதுதான் ஆஸ்திரேலியாவின் கடற்படை.

2024 ஆகஸ்டில் கையெழுத்தான துணை ஒப்பந்தம் 2075வரை நடப்பில் இருக்கும். ஆனால் யார் வேண்டுமானாலும் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விலகலாம். அணுசக்தி தொடர்பாக ஏதாவது விபரீதம் நடந்தால் மற்ற இருவருக்கும் நஷ்டஈட்டுச் சுமை வராமல் ஆஸ்திரேலியா பார்த்துக்கொள்ளும். கப்பல் வராவிட்டால் 300 கோடி திரும்புமா என்று செனட்டில் கேட்டார்கள். திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. நம்மூரில் ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரை இறக்கிவிட்டு ஓடுகிற சீட்டுக் கம்பெனிக்காரன்கூட, ஓடும் நாள்வரை ஒரு பாஸ்புத்தகமாவது கொடுத்துவைப்பான்.

இது ஏதோ ஒரு முட்டாள் அரசு ஒருமுறை ஏமாந்த கதை என்று நினைத்தால் அந்த நாட்டுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். இதற்குப் பரம்பரையே இருக்கிறது.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஆஸ்திரேலியாவின் பாதுகாப்பு என்பது சிங்கப்பூர் என்ற ஒற்றைச் சொல்தான். அங்கே பிரிட்டன் ஒரு கடற்படைத் தளம் கட்டும். ஆபத்து வந்தால் பெருங்கடற்படை வந்து நிற்கும். ஆபத்து வந்தது. இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் வந்தன. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தபோது சுமார் 15,000 ஆஸ்திரேலியர்கள் சிறைப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து டார்வின் நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. போர் முழுவதிலும் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட 22,000 ஆஸ்திரேலியரில் 8,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. பலர் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்தார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட நம் சனங்களும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கு எந்த வல்லரசும் எந்த உறுதிமொழியும் கொடுத்ததில்லை என்பதால் ஏமாற்றமாவது மிச்சம்.

சிங்கப்பூரிலிருந்து இரண்டு பாடம் படித்திருக்கலாம். அடுத்தவன் கப்பலை நம்பாதே என்பது ஒன்று. இன்னும் பெரிய கப்பல் வைத்திருப்பவனைப் பிடி என்பது இன்னொன்று. ஆஸ்திரேலியா இரண்டாவதைப் படித்து அதில் பட்டமும் வாங்கியது.

1951இல் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஆன்சஸ் உடன்படிக்கை, பதினோரே சரத்துகள் கொண்டது. ஆபத்து வந்தால் கலந்து பேசுவோம். தாக்குதல் நடந்தால் அவரவர் அரசியல் சட்ட நடைமுறைப்படி செயல்படுவோம். உனக்காகப் படை அனுப்புவேன் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் கான்பெராவில் அதை வேதமாக ஓதுவார்கள். எழுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாற்றில் அந்த உடன்படிக்கை முறைப்படி கையில் எடுக்கப்பட்டது ஒரே ஒருமுறை. 2001 செப்டம்பரில், பிரதமர் ஜான் ஹோவர்ட் எடுத்தார். யாரைக் காப்பாற்ற? அமெரிக்காவை!

அந்த உடன்படிக்கையின் மூன்றாவது கூட்டாளியான நியூசிலாந்து என்ன ஆயிற்று என்று கான்பெராவில் யாரும் உரக்கக் கேட்பதில்லை. 1985இல் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் வர விரும்பியது. அணு ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மாட்டோம் என்றது. அப்படியானால் வராதே என்றது நியூசிலாந்து. மறு ஆண்டே அமெரிக்கா, உன்னைக் காக்கும் கடமை எனக்கில்லை என்று கைகழுவியது. அன்றிலிருந்து அந்த நாட்டின் மேல் எந்த எதிரி படையெடுத்தான்? அணுசக்தி விவகாரத்தில் அந்த மண்ணில் குண்டு வைத்த ஒரே அன்னிய அரசு பிரான்ஸ். 1985 ஜூலையில் ஆக்லாந்து துறைமுகத்தில் நின்ற ரெயின்போ வாரியர் கப்பலைத் தகர்த்தவர்கள் பிரெஞ்சு உளவாளிகள். அதாவது, நட்பு நாட்டு ஆட்கள்.

1954இல் மணிலாவில் தொடங்கிய தென்கிழக்காசிய உடன்படிக்கை அமைப்பான சீட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு உறுப்பு நாடுகளில் தென்கிழக்காசிய நாடுகள் இரண்டே இரண்டு. 1977இல் செத்தது. யாரும் அழுததாகத் தகவல் இல்லை.

வியட்நாமை அப்படித் தாண்டிவிட முடியாது. அந்தப் போருக்கு ஆஸ்திரேலியா ஆள் பிடித்த விதம் குலுக்கல். இருபது வயதுப் பையன்களின் பிறந்த தேதிகளை எண் போட்ட கோலிகளாக்கிப் பீப்பாயில் உருட்டி எடுத்தார்கள். நம்மூரில் குலுக்கல் விழுந்தால் குக்கர் கிடைக்கும். 1966இல் பிரதமர் ஹரால்ட் ஹோல்ட் வெள்ளை மாளிகைப் புல்தரையில் நின்று, அதிபர் ஜான்சன் போகிற வழி முழுக்க நாங்களும் வருவோம் என்று எதுகை மோனையோடு சத்தியம் செய்தார். சுமார் 60,000 ஆஸ்திரேலியர் போனார்கள். 500 பேருக்கு மேல் பிணமாகத் திரும்பினார்கள். 1969இல் குவாம் தீவில் நிக்சன் பேசினார்: ஆசிய நண்பர்கள் இனி தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வழி முழுக்க வந்தவர்களை நடுவழியில் இறக்கிவிட்ட அறிவிப்பு அது.

2003இல் ஈராக். ஆபத்தான ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். தெருவில் லட்சக்கணக்கான ஆஸ்திரேலியர் வேண்டாம் என்றார்கள். ஹோவர்ட் சுமார் 2,000 பேரை அனுப்பினார். ஆயுதங்கள் கிடைக்கவில்லை, ஹோவர்டுக்கு அடுத்த தேர்தலில் வெற்றி கிடைத்தது.

ஆப்கானிஸ்தானுக்கு வந்தால் கிண்டல் வாயில் நிற்க மறுக்கிறது. 20 ஆண்டுகள், 39,000 வீரர்கள், 41 பேர் பலி. கடைசியில் காபூல் விழுவதற்கு இரண்டரை மாதம் முன்பே, 2021 மே மாதம், ஆஸ்திரேலியா தன் தூதரகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. கூடவே உழைத்த மொழிபெயர்ப்பாளர்கள் பலர் விசாவுக்காக விமான நிலைய வாசலில் மிதிபட்டார்கள். இதற்கு முன்பே, 2020 நவம்பரில், நீதிபதி பிரெரெட்டன் நடத்திய விசாரணையின் அறிக்கை வந்திருந்தது. 39 ஆப்கானியர்களை ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினர் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல்கள் இருக்கின்றன என்றது அது. போர்க் களேபரத்தில் நடந்தவை அல்ல; செத்தவர்கள் கைதிகளும் விவசாயிகளும். புதிதாக வந்த சிப்பாய்க்கு முதல் கொலைப் பழக்கம் வரட்டும் என்று கைதியைச் சுடச் சொன்னதாகவும் அதில் உண்டு.

சரி, முதலில் சிறைக்குப் போனது யார்? டேவிட் மெக்பிரைடு. சுட்டவர் அல்லர்; ராணுவ வழக்கறிஞர். ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்ததற்காக 2024 மே மாதம் ஐந்தாண்டு எட்டு மாதத் தண்டனை. ஆப்கான் போர்க்குற்ற விவகாரத்தில் அன்றுவரை ஒரு கொலைக்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை. காகிதத்தைக் கொடுத்தவர் தண்டிக்கப்பட்டார். 41 பேரின் பெயர்களும் கான்பெராவின் போர் நினைவகச் சுவரில் வெண்கலத்தில் உள்ளன. அந்த 39 பேருக்குச் சுவர் கிடையாது.

பெரியண்ணனுக்காக உலகம் சுற்றியவர்கள் பக்கத்து வீட்டில் எப்படி நடந்துகொண்டார்கள்? 1999இல் கிழக்குத் திமோரைக் காக்க ஆஸ்திரேலியப் படை போனது. நல்ல காரியம்தான், இன்றும் மார்தட்டிக்கொள்கிறார்கள். ஆனால் 2002 மே மாதம் அந்தச் சின்ன நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னதாக, கடல் எல்லைத் தகராறுகளில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதிலிருந்து ஆஸ்திரேலியா நைசாக நழுவிக்கொண்டது. நடுக்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் இருந்தன. 2004இல் உதவித் திட்டம் என்ற பெயரில் திமோர் அமைச்சரவை அலுவலகத்தைப் புதுப்பித்துக் கொடுத்தபோது, சுவருக்குள் ஒட்டுக்கேட்கும் கருவிகளையும் வைத்தார்கள். பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்காரப்போகும் ஏழையின் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்து அவன் ரகசியத்தைத் திருடினார்கள். இதை வெளியே சொன்ன உளவாளி மீதும் அவருடைய வழக்கறிஞர் மீதும் வழக்குப் போட்டார்கள். இதுதான் வட்டாரப் பாதுகாப்பு.

டாஸ்மன் கடலில் போர்க்கப்பல்கள் எப்போது சுடும் என்பதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் என்று ஆஸ்திரேலியரை எடைபோடக் கூடாது. வேண்டும்போது அவர்கள் கண் கழுகுக் கண். 2014இல் புதுச்சேரிப் பக்கமிருந்து கிளம்பிய ஓட்டைப் படகை இந்துமாக் கடலின் நடுவே கச்சிதமாகக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்தவர்கள் 157 தமிழ் அகதிகள், கைக்குழந்தைகள் உட்பட. அவர்களை ஒரு சுங்கக் கப்பலுக்குள் அடைத்து ஏறக்குறைய ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தார்கள். பிறகு நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் போன பிரதமர் டோனி அபாட், இதே மாதிரிப் படகுகளை மறிப்பதற்காக இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளைப் பரிசளித்திருந்தார். முள்ளிவாய்க்கால் முடிந்து நாலரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆஸ்திரேலியா வாக்குத் தவறாமல், தாமதமில்லாமல், முழுசாகக் கொடுத்து முடித்த கடற்படை ஒப்பந்தம் என் கண்ணில் பட்டவரை அது ஒன்றுதான்.

இவ்வளவும் எந்த எதிரிக்காக? சீனாவுக்காக. அந்தச் சீனாதான் ஆஸ்திரேலிய ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்குகிறது. சீனா இறக்குமதி செய்யும் இரும்புத் தாதுவில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் போகிறது. பில்பரா சுரங்கங்களில் தோண்டி, சீனாவில் உருக்கி, போர்க்கப்பலாக டாஸ்மன் கடலுக்குத் திரும்பி வருவதைத் தடுக்கத்தான் 36,800 கோடி. 2011இல் டார்வினில் அமெரிக்க மரீன் படையைக் கொண்டுவந்து வைப்பதாக ஒபாமாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2015இல் அதே டார்வினின் துறைமுகத்தை ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். வந்த பணம் 50.6 கோடி டாலர். இந்த இரண்டு காரியத்தையும் ஒரே ஊரில் நாலாண்டு இடைவெளியில் செய்து முடிக்க, வெறும் அசட்டுத்தனம் போதாது. நிர்வாகத் திறமையும் வேண்டும்.

இதையெல்லாம் யாராவது மறுஆய்வு செய்ய வேண்டாமா? செய்தார்கள். 2025 ஜூனில் பென்டகன் ஆக்கஸை மறுஆய்வு செய்யத் தொடங்கியது, தன் நலனுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவும் விசாரணை தொடங்கியது. பொருளை விற்கும் இரண்டு பேரும் லாப நட்டக் கணக்கு பார்த்தார்கள். வாங்குகிற மூன்றாவது ஆள் பார்க்கவில்லை. 2023இல் ஆஸ்திரேலியாவும் ஒரு பெரிய பாதுகாப்பு மறுஆய்வு நடத்தியது உண்மைதான். ஆக்கஸ் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும் அதன் கேள்விகளில் இல்லை. பென்டகன் ஆய்வு நடந்த மாதங்களில் கான்பெரா செய்தது, அடுத்த தவணையைக் கட்டியது. அக்டோபரில் டிரம்ப் முழு வேகத்தில் போகலாம் என்று அருளியதும் ஆல்பனீசி முகத்தில் பரீட்சை பாஸான பிள்ளையின் களை. ஹெக்செத்தோ, இதெல்லாம் போதாது, பாதுகாப்புச் செலவை நாட்டு உற்பத்தியில் 3.5 சதவீதமாக ஏற்று என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மாரிசன் நன்றாக இருக்கிறார். 2024இல் அரசியலைவிட்டு விலகியவர், ஆக்கஸை ஒட்டிய தொழில்களில் முதலீடு செய்யும் நிதியத்துக்கு ஆலோசகரானார். இந்தத் திட்டத்தில் நேரத்துக்கு வந்து சேர்ந்த ஒரே சரக்கு அதுதான்.

ஆஸ்திரேலியாவில் ஓட்டுரிமை உள்ள தமிழர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. உங்கள் நாட்டில் ஓட்டுப் போடாவிட்டால் 20 டாலர் அபராதம். அந்த ஓட்டில் நீங்கள் அனுப்புகிற நாடாளுமன்றத்திடம் கேட்காமலேயே பிரதமரும் சில அமைச்சர்களும் நாட்டைப் போருக்குள் இறக்கலாம். அது அப்படியே இருக்கட்டும் என்று 2023இல் ஒரு நாடாளுமன்றக் குழுவே பரிந்துரைத்திருக்கிறது. அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளர் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருவார். படம் எடுத்துக்கொள்ளுங்கள், சர்க்கரைப் பொங்கலும் கொடுங்கள். கொடுத்துவிட்டு, போருக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வேண்டும் என்ற சட்டத்துக்கு நீ கை தூக்குவாயா என்று கேளுங்கள். பதில் வரும்வரை வேட்டியைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.